வெளுக்காத சாயம்

பண்டார் தெங்காரா,
17 ஜனவரி 2024

அன்புள்ள லோஷினி அப்பாவுக்கு,

தேன்மொழி எழுதுகிறேன். எனக்கும் பிள்ளைக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் இருமல் என்ன ஆயிற்று? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஒரு நல்ல செய்தி. நமக்கு வீடு கிடைத்துவிட்டது. தங்கராஜு அண்ணன் வீட்டுப் பின்னறையில் இன்னும் எத்தனை காலம் இருப்பது? அண்ணன் ஒன்றும் சொன்னதில்லை. அண்ணிதான் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைக்கிற சத்தத்திலேயே சொல்லிவிடுவார். ஏலத்துக்கு வந்த வீடு இது. செம்பனைக் காட்டை ஒட்டின கடைசி வரிசை. இரண்டு அறை, ஒரு ஹால், பின்னால் துணி காயப்போட இடம். பாக்டரி பஸ் முச்சந்திவரை வருகிறது. பொங்கலன்று இங்கேதான் பால் பொங்க வைத்தோம்.

சுவர்களைத்தான் பார்க்க முடியவில்லை. ஹால் முழுக்கக் கண்ணைக் குத்தும் பச்சை. ஓர் அறை ஊதா, அதில் பாதி கிழிந்த பட்டாம்பூச்சிப் படங்கள். லோஷினி உள்ளே நுழைந்ததும், "அலமாக், அம்மா! இது வீடா, பாசார் மாலாமா?" என்றாள். இரவுச் சந்தையின் விளக்குகள்தான் பாக்கி.

சாயம் பூச வேண்டும். உங்களை விட்டால் யாரைக் கேட்பேன்? பெர்மாஸ் ஜெயாவில் வரிசை வரிசையாக வீடுகளுக்குச் சாயம் பூசினவர் நீங்கள். லாரி ஓட்டப் போகாமல், அந்தப் பொட்டலங்களை ஏற்றாமல், அந்த வேலையிலேயே இருந்திருந்தால்... அதை விடுங்கள். ஒரு தடவை அடித்தால் பல வருஷம் வெளுக்காமல் இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப அடிக்க என்னால் ஆகாது. கடையில் கொடுத்த வண்ண அட்டையிலிருந்து மூன்று துண்டு வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். ஹாலுக்கு எது என்று சொல்லுங்கள்.

புதுச் சட்டப்படி தூக்குத் தண்டனைக்காரர்களின் வழக்குகளை மறுபடி பார்க்கிறார்களாம். உங்கள் பெயரும் இருக்கிறது என்று வக்கீல் போன் செய்தார். தேதி இன்னும் தெரியாது. அதை நினைத்தால் கைவேலை ஓடுவதில்லை. அதனால் சுவரை நினைக்கிறேன்.

வெந்நீர் கிடைத்தால் குடியுங்கள்.

தேன்மொழி


11 பிப்ரவரி 2024

என் தேனுக்கு,

இருமல் போய்விட்டது. நீயும் பிள்ளையும் சொந்தக் கூரைக்குக் கீழே படுத்து எழுகிறீர்கள் என்று படித்ததிலிருந்து எனக்கு ஒரு நோயும் இல்லை. தங்கராஜு மச்சானுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அட்டைத் துண்டுகள் என் கைக்கு வரவில்லை. தாளைத் தவிர வேறெதுவும் உள்ளே வரக் கூடாது என்று அதிகாரி எடுத்து வைத்துக்கொண்டார். "வெறும் கலர்தானே, விடு," என்றார் மலாயில். நல்ல மனுஷர்தான். அவருக்கு அது வெறும் கலர்.

சாயத்தைப் பற்றி யோசிக்கும் முன் சுவரைப் பார். உள்ளங்கையால் தேய். கையில் மாவு மாதிரி ஒட்டினால் பழைய சாயம் செத்துவிட்டது, சுரண்டித்தான் ஆக வேண்டும். குளியலறைப் பக்கத்துச் சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி வை. மறுநாள் உள்ளே வேர்த்திருந்தால் சுவரில் தண்ணீர் ஊறுகிறது. அதைச் சரி செய்யாமல் எந்தச் சாயம் அடித்தாலும் வருஷத்துக்குள் உரியும். பிறகு சீலர் என்கிற வெள்ளை அடிப்பூச்சு ஒரு கை. அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் சாயம், இரண்டு கை. கழுவக்கூடிய ரகமாக வாங்கு. பளிச்சென்ற சிவப்பு, ஊதா எல்லாம் சீக்கிரம் வெளுத்துப்போகும். மண்ணிலிருந்து வருகிற நிறங்கள்தான் நின்று பேசும்.

ஒன்று கேட்கிறேன், தேனு. அந்த மூன்று கலரையும் எழுத்தில் சொல். இங்கே சுவர் ஒரு நிறம், கதவு ஒரு நிறம், உடுப்பு ஒரு நிறம். முன்பெல்லாம் கண்ணை மூடி நீலம் என்று நினைத்தால் பத்து நீலம் வரும். இப்போது ஒன்றுதான் வருகிறது. அதுவும் நீலம்தானா என்று சந்தேகமாக இருக்கிறது.

பிள்ளைக்கு என் முத்தம்.

யுகேந்திரன்


பண்டார் தெங்காரா,
20 மார்ச் 2024

அன்புள்ள லோஷினி அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் தூங்குகிறீர்களா? எழுத்து கோணலாக இருந்தது.

நீங்கள் சொன்னபடி பிளாஸ்டிக் ஒட்டிப் பார்த்தேன். காலையில் உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர். ஆள் வந்து சுவரை உடைத்துக் குழாயை மாற்றினார். இப்போது வேர்க்கவில்லை.

கலர் கேட்டீர்கள். முதல் துண்டு, கடையில் ஆற்றித் தரும் தே தாரிக்கில் பால் கொஞ்சம் கூடிப்போனால் வருமே, அந்த நிறம். இரண்டாவதை எப்படிச் சொல்ல? உங்களைப் பார்க்க வரும்போது பஸ் ஆயர் ஈத்தாமில் நிற்கும். அங்கே மண்சாமான் கடை வாசலில் பூச்சட்டிகளை அடுக்கியிருப்பார்கள். வெயிலிலேயே கிடந்து வெளிறின சட்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, செம்பனை ஓலையின் அடிப்பக்கப் பச்சை. கடையில் நான் நின்ற நேரத்தைப் பார்த்து, "செவுத்துக்குத்தானம்மா? சேலைக்குப் பாக்குற மாதிரி பாக்குற," என்று கடைக்காரத் தௌக்கேயின் மனைவி மலாயில் கேலி செய்தாள். உங்களுக்கு எழுதுவதற்காகப் பார்க்கிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

எனக்குப் பூச்சட்டி நிறம்தான் பிடித்திருக்கிறது.

லோஷினி தன் அறைக்கு மழைக்கு முந்தின வானம் மாதிரி கருஞ்சாம்பல் வேண்டும் என்கிறாள். "அப்பாகிட்ட கேட்டுட்டு அடிப்போம்," என்றேன். "அவருக்கு என் ரூம் எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

வழக்கு ஜூன் மாதம் வருகிறதாம். நானும் அண்ணனும் வருவோம்.

போர்வை போதவில்லை என்றால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தேன்மொழி


21 ஏப்ரல் 2024

என் தேனுக்கு,

நன்றாகத் தூங்குகிறேன். எழுத்து கோணினது பேனாவால். உன் முதுகுவலி எப்படி? நீ எழுத மாட்டாய் என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன்.

உன் பூச்சட்டியை இத்தனை நாளும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஹாலுக்கு அதையே அடி. அது வெளுத்தாலும் வெளுத்தது தெரியாது.

லோஷினிக்குச் சாம்பல் வேண்டாம். சின்ன அறை, இருட்டடையும். குழந்தை பயப்படும். சிராப் பண்டோங் ரோஜாப்பால் கலரில் இளஞ்சிவப்பு அடித்துக் கொடு. கட்டிலுக்கு மேலே சுவரில் நான் ஒரு மயில் வரைந்து தருகிறேன்...

மேலே எழுதியதை இப்போது படித்துப் பார்த்தேன். அவளுக்குப் பதினைந்து வயது, இல்லையா? எனக்குத் தெரியும். ஆனால் எழுதும்போது என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற உயரத்தில்தான் நிற்கிறாள். இருந்தாலும் சாம்பல் வேண்டாம்.

தேனு, ஜூன் வரை பொறு. இப்போதைக்குச் சீலர் மட்டும் அடித்து வை. வெள்ளையாக, சுத்தமாக இருக்கும். வக்கீல் போன வாரம் வந்தபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. விட்டுவிடக்கூட வாய்ப்பு உண்டா என்று கேட்டேன். "பார்ப்போம்," என்றார். இல்லை என்று சொல்லவில்லை. ஒருவேளை நானே வந்து தரையில் பழைய பேப்பரை விரித்து ரோலரைப் பிடிப்பேனோ என்னவோ. வேறு மாதிரி ஆகிவிட்டால், உனக்குப் பிடித்ததை யாரையாவது வைத்து அடித்துக்கொள்.

உடம்பில் கவனம்.

யுகேந்திரன்


பண்டார் தெங்காரா,
7 ஜூலை 2024

அன்புள்ள லோஷினி அப்பாவுக்கு,

கோர்ட்டில் உங்களைத் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். இளைத்திருக்கிறீர்கள். சாப்பிடுங்கள்.

நீதிபதி ஆங்கிலத்தில் வேகமாகப் படித்ததால் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தங்கராஜு அண்ணன்தான் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "தேனு, கேட்டியா? தூக்கு இல்லையாம்! உசுரு பொழச்சிருச்சும்மா!" என்றார். சொல்லிவிட்டு அழுதார். முன்பின் தெரியாத ஓர் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் மகனுக்கும் அன்றுதான் தீர்ப்பு. நீங்கள் என்னைத் தேடினீர்கள். நான் கையைத் தூக்கினேன். பார்த்தீர்களா?

பிடிபட்ட நாளிலிருந்து முப்பது வருஷம் என்று வக்கீல் வெளியே வந்து விளக்கினார். நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு போக, நீங்கள் இருந்த காலமும் போக, இன்னும் ஒன்பது, பத்து வருஷம் இருக்குமாம். ரோத்தான் பிரம்படியும் உண்டு என்று படியிறங்கும்போது தணிந்த குரலில் சொன்னார். லோஷினியிடம் அதைச் சொல்லவில்லை.

அண்ணி கேசரி கிண்டி வைத்திருந்தார். எல்லாரும் சாப்பிட்டோம்.

சுவர் சீலரோடு இருக்கிறது. வேறு என்ன எழுத என்று தெரியவில்லை. சந்தோஷம்தான்.

தேன்மொழி


15 செப்டம்பர் 2024

என் தேனுக்கு,

நீ கை தூக்கியதைப் பார்த்தேன். நீலச் சட்டை. அது எந்த நீலம் என்று இப்போது எனக்குத் தெரியும்.

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வக்கீல் சொன்ன அந்த இன்னொன்றும் முடிந்துவிட்டது. அதைப் பற்றி நீ கேட்க வேண்டாம், நானும் எழுத மாட்டேன். கொஞ்ச காலம் உட்கார முடியவில்லை. இப்போதும் சன்னல் கட்டையில் தாளை வைத்து நின்றபடிதான் எழுதுகிறேன். ஆறிக்கொண்டு வருகிறது.

என்னை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே சன்னலுக்கு வெளியே மரம் ஒன்று தெரிகிறது. பேச ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்பது வருஷம் என்ன தேனு, ஓடிவிடும்! தூக்குக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு கிடந்த எனக்கு இதெல்லாம் ஒரு கணக்கா?

இனிப் பொறுக்க வேண்டாம், சாயத்தை வாங்கு. ஆனால் நான் சொல்கிற மாதிரி வாங்கு. கடையில் மலிவு ரகத்தைக் காட்டுவார்கள், வேண்டாம் என்று சொல். பத்து வருஷத்துக்கு உத்தரவாதம் போட்ட ரகம் இருக்கும். ஹாலுக்குப் பூச்சட்டி, நம் அறைக்குத் தே தாரிக், சமையல்கட்டுக்கு ஓலைப்பச்சை. மீந்ததைக் காற்றுப் புகாமல் மூடி, டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்து வை. சுவரில் கீறல் விழுந்தால் அந்த இடத்துக்கு மட்டும் தொட்டுக்கொள்ளலாம். சாய்வு நாற்காலியைச் சுவரில் உரசாமல் போடு. சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றும் இடத்தில் ஓர் ஓடு பதித்துவிடு, புகை படியாது.

இப்படிப் பார்த்துக்கொண்டால் நான் கதவைத் திறந்து உள்ளே வரும் நாளில் சுவர் நீ அடித்த மாதிரியே இருக்கும். எனக்கு அது போதும். இப்போதே அந்த வீட்டில்தான் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

அடித்து முடித்ததும் எழுது. ஒவ்வொரு சுவராக எழுது.

யுகேந்திரன்


24 நவம்பர் 2024

என் தேனுக்கு,

உனக்கோ பிள்ளைக்கோ உடம்பு சரியில்லையா? தீபாவளிக்கு ஒரு வரி வரும் என்று பார்த்திருந்தேன். கடிதம் எங்காவது சிக்கியிருக்கும். தமிழ்க் கடிதத்தைப் படித்துப் பார்க்க ஆள் இல்லையென்றால் அது மேசையிலேயே கிடக்கும்.

எனக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். சிரிக்காதே, சாயம் பூசுகிற வேலை. நான் பழைய பெயிண்டர் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. நடைவழிச் சுவர் முழுக்க அடிக்கிறோம். கலர் எல்லாம் கேட்கக் கூடாது, வருகிற டின்னைத் திறக்க வேண்டியதுதான். ரோலரைப் பிடித்த முதல் நாள் தோள் வலித்தது. ஆனால் கை ஒன்றையும் மறக்கவில்லை.

சாயத்தின் வாடையை மூச்சில் இழுத்ததும் நம் ஹாலில் நிற்கிறேன் என்றே நினைத்தேன். அங்கேயும் இதே வாடை அடிக்கிறதா? அடித்து முடித்துவிட்டாயா? முடிக்காவிட்டாலும் பரவாயில்லை, நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் எழுது.

யுகேந்திரன்


பண்டார் தெங்காரா,
29 டிசம்பர் 2024

அப்பா, வணக்கம்.

லோஷினி எழுதறேன். நீங்க எப்படி இருக்கீங்க? அம்மாவுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல, டெய்லி வேலைக்குப் போறாங்க. நானும் நல்லா இருக்கேன்.

நீங்க அனுப்பின ரெண்டு லெட்டரும் வந்துச்சு, எதுவும் தொலையல. அம்மா பதில் எழுத உக்காருவாங்க, "அன்புள்ள லோஷினி அப்பாவுக்கு"ன்னு எழுதுவாங்க, அப்புறம் எழுந்து போயிருவாங்க. நீங்க அங்க பயந்துக்கிட்டு இருப்பீங்கன்னுதான் நான் எழுதறேன். அம்மாவுக்குத் தெரியாது.

பெயிண்ட் வாங்கியாச்சு. நீங்க சொன்ன ரகம்தான், அம்மா கடைல சண்ட போட்டு வாங்கினாங்க. ஆனா டின்ன இன்னும் திறக்கல. லீவு நாள்ல ஹால்ல நாற்காலிய நடுவுல போட்டு வெள்ளைச் சுவத்த பாத்துக்கிட்டே உக்காந்திருக்காங்க. "எப்பம்மா அடிக்கப் போறோம்?"னு கேட்டேன். "அடிச்சா அப்புறம் அவரு வர்ற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு இருக்கணும்லா," அப்படின்னாங்க.

என் ரூமுக்குப் பிங்க் அடிக்கச் சொன்னீங்களாம். அப்பா, தப்பா நெனைக்காதீங்க, எனக்கு உங்க முகம் ஞாபகம் இல்ல. போட்டோல இருக்கறதுதான் தெரியும். குரல் கொஞ்சம் இருக்கு. நீங்க வர்றப்ப எனக்கு இருபத்தஞ்சு ஆயிரும். அப்ப நான் அந்த ரூம்ல இருக்க மாட்டேன். அதனால அது எந்தக் கலரா இருந்தாலும் பரவால்ல. அம்மாவுக்கு மட்டும் ஏதாவது எழுதுங்க. பெயிண்ட் பத்தி வேணாம்.

உடம்ப பாத்துக்குங்க.

லோஷினி


26 ஜனவரி 2025

அன்பு மகள் லோஷினிக்கு,

நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். தப்பாக நினைக்க ஒன்றுமே இல்லை, அம்மா. உன் எழுத்து உன் அம்மா எழுத்து மாதிரியே வலப்பக்கம் சாய்கிறது.

உன் அறைக்கு நீ கேட்ட சாம்பலையே அடி. நான் அன்று சொன்னது தப்பு. நீ அங்கே எத்தனை நாள் இருக்கிறாயோ அத்தனை நாளும் அது உன் அறைதான். கருத்த நிறம் ஒரு கையில் மூடாது, இரண்டு அடிக்க வேண்டும். முதல் கை திட்டுத் திட்டாகத் தெரியும். கெட்டுப்போயிற்று என்று அழாதே, இரண்டாவது கையில் சரியாகிவிடும். சன்னல் பக்கச் சுவரை மட்டும் வெள்ளையாக விட்டுவிடு, வெளிச்சம் அதில் பட்டு உள்ளே வரும்.

அம்மாவுக்கு எழுதச் சொல்கிறாய். சாயத்தை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். அவள் தாள் மாதிரித்தான் என் தாளும் முதல் வரியோடு நின்றுவிடுகிறது. இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டு. எனக்கு நிஜத்தை எழுதச் சொல். என்னால் தாங்க முடியும் என்று சொல்.

நன்றாகப் படி. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

அப்பா


பண்டார் தெங்காரா,
6 ஏப்ரல் 2025

அன்புள்ள லோஷினி அப்பாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இது பொய்யில்லை, தினமும் விளக்கேற்றும்போது இதைத்தான் கேட்கிறேன்.

நிஜத்தை எழுதச் சொன்னீர்கள்.

வீட்டுக்கு ஆள் வைத்து வெள்ளை அடித்துவிட்டேன். லோஷினி அறை மட்டும் சாம்பல், அவளே அடித்தாள். வாங்கி வைத்த சாயத்தைக் கடைக்காரரே திருப்பி எடுத்துக்கொண்டார். வாடகைக்கு வருகிறவர்களுக்கு வெள்ளைதான் பிடிக்குமாம். சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிற குடும்பம் ஒன்று அடுத்த மாதம் குடிவருகிறது. நானும் லோஷினியும் பெர்மாஸ் ஜெயாவுக்குப் போகிறோம். சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கிருந்து போய்வரலாம். லோஷினிக்குப் பள்ளிக்கூடம் பார்த்தாகிவிட்டது.

கோர்ட்டில் எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. உங்களைக் கொன்றுவிடுவார்கள் என்று நான் பல வருஷமாக மனசைத் தயார் செய்துகொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் அதுதான் என்று நினைத்து எடுப்பேன். உங்கள் உடம்பை வாங்க எந்தச் சேலையில் வருவது, யார் வண்டியைக் கேட்பது, எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். பாக்டரிக் கழிவறையில், பஸ்ஸில், அண்ணன் வீட்டுப் பின்னறையில் உங்களுக்காக அழுது முடித்துவிட்டேன். அன்று அண்ணன் என்னை உலுக்கி உசுரு பொழச்சிருச்சு என்றபோது எனக்குள் வந்த முதல் நினைப்பு, ஐயோ, இனி முதலிலிருந்தா என்பதுதான்.

அப்படி நினைத்தவள் நான். நீங்கள் சுவர் சுவராக எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு என்னால் மூச்சுவிட முடியவில்லை. நீங்கள் நடமாடுகிற அந்த வீட்டில் நான் இல்லை. இருந்து பார்த்தேன், முடியவில்லை. வேறு யாரும் காரணமில்லை. அண்ணன்கூடப் பொறுத்துக்கொள் என்றுதான் சொன்னார்.

இனி நான் பார்க்க வர மாட்டேன், எழுதவும் மாட்டேன். புது முகவரியையும் எழுதவில்லை. நீங்கள் எழுதினால் நான் திரும்பிவிடுவேன் என்ற பயம்தான். லோஷினி பெரியவளானதும் அவள் இஷ்டம், நான் தடுக்க மாட்டேன்.

இருமல் திரும்பினால் மருந்து கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.

தேன்மொழி


11 மே 2025

என் தேனுக்கு,

நீ வீட்டை விட்டுப் போயிருப்பாய். வேறு முகவரி தெரியாததால் இதற்கே எழுதுகிறேன். குடியிருப்பவர்கள் உன்னிடம் சேர்த்துவிடுவார்கள் என்று நம்புகிறேன். உன்னைத் திரும்ப வா என்று கூப்பிட எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்படாமல் படி.

தீர்ப்பு வந்த அன்று என்னைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். மற்றவர்கள் கம்பியைத் தட்டிக் கத்தினார்கள். நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அதேதான் தோன்றியது, தேனு. நானும் சாகத் தயாராகியிருந்தேன். உன்னையும் பிள்ளையையும் மனசுக்குள் வழியனுப்பியிருந்தேன். இன்னும் இத்தனை வருஷத்தை எங்கே வைப்பேன் என்று பயந்தேன். உயிர் கொடுத்தவர்களை மனசுக்குள் திட்டினேன். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால்தான் சாயம், சுவர், ஓடு என்று எழுதித் தள்ளினேன். எழுதினால் எனக்கே நம்பிக்கை வந்துவிடும் என்று நினைத்தேன். அதெல்லாம் உன் மேல் பாரமாக ஏறும் என்று தோன்றவில்லை.

நீ நினைத்ததில் ஒரு குற்றமும் இல்லை. நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே மாதிரி நினைத்திருக்கிறோம். யாரும் யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

போ, தேனு. மனசாரச் சொல்கிறேன். வேறு வாழ்க்கை அமைந்தால் எடுத்துக்கொள். விவாகரத்துக்குக் கையெழுத்து வேண்டுமென்றால் மச்சானிடம் கொடுத்தனுப்பு, போட்டுத் தருகிறேன். பிள்ளையை என்னைப் பார்க்கும்படி கட்டாயப்படுத்தாதே. எதற்கும் நீ குனிந்து நடக்க வேண்டாம். இதற்குப் பதிலும் வேண்டாம். இதை நீ படித்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டே நான் இருந்துவிடுவேன்.

உன் முதுகைப் பார்த்துக்கொள்.

யுகேந்திரன்


பண்டார் தெங்காரா,
20 ஜூலை 2025

சகோதரர் யுகேந்திரன் அவர்களுக்கு,

இறைவன் அருளால் தாங்கள் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். என் பெயர் மாஹிர். தங்கள் மனைவியின் வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். பண்டார் தெங்காராவில் சாப்பாட்டுக்கடை நடத்துகிறேன். முன்பின் அறிமுகமில்லாதவன் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் கடிதம் போன மாதம் இங்கே வந்தது. தங்கை தேன்மொழி எப்போதாவது வருவார், நேரில் கொடுத்துவிடலாம் என்று பத்திரமாக வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை கூரை ஒழுகுவதைப் பார்க்க வந்தார். என் வீட்டுக்காரி ஷைமா தேத்தண்ணி கலந்து கொடுத்தாள். அப்போது கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன்.

முகவரி எழுதியிருந்த பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார். தேத்தண்ணி ஆடை கட்டிவிட்டது. "பிரிச்சுப் படிங்கம்மா, நாங்க உள்ள போய்க்கிறோம்," என்றாள் ஷைமா.

"இல்லக்கா. என்னா எழுதியிருப்பாருன்னு எனக்குத் தெரியும். படிச்சேன்னா இங்கயே உக்காந்துருவேன்," என்றார். கடிதத்தை என் கையில் கொடுத்து, "வந்த எடத்துக்கே அனுப்பிருங்கண்ணே," என்றார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

வாசல் கேட்டைத் தாண்டிப் போனவர் சற்று நேரத்தில் திரும்பி வந்தார். மனசு மாறி வாங்கத்தான் வருகிறார் என்று கடிதத்தை நீட்டினேன். சாவிக்கொத்தை மேசையிலேயே மறந்து வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வார்த்தையும் இல்லாமல் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. அதனால் இதை எழுதினேன். தங்கள் கடிதத்தை யாரும் பிரிக்கவில்லை. வந்தபடியே இத்துடன் வைத்திருக்கிறேன்.

அல்லாஹ் தங்களுக்குப் பொறுமையைத் தரட்டும்.

மாஹிர்